புத்துயிர் என்று பெயர் வைத்தவள்

பழைய படமொன்றை எடுத்து, அதற்குப் புதுச் சத்தம் ஏற்றி, வள்ளம் நின்ற இடத்தில் கொம்பியூட்டர் கப்பலை நிறுத்தி, மறுபடி தியேட்டருக்கு விடுகிற வழக்கத்துக்கு இப்போது ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே நாலைந்து பெயர் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அதற்கு முதலில் தமிழில் பெயர் வைத்தவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. செய்த பிழையை ஒரு தரமாவது வாய் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு எழுத்து வேலை. மரண அறிவித்தல், கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பக்கத்துத் தெருத் தியேட்டருக்கு விளம்பரம். வெள்ளவத்தையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இடையில் இரண்டு தரமாவது ஆமிக்காரர் இறக்கிச் சோதிப்பார்கள். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, மறுபடி ஏறி, வேலைக்குப் போய்ச் சேரும்போது பாதி நாளின் சீவன் போய்விடும். அதற்குப் பிறகு உட்கார்ந்து 'குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்' என்று எழுத வேண்டும்.

நன்றாகத்தான் எழுதுவேன். அழுமூஞ்சிப் படம் வந்தால் 'கைக்குட்டை இரண்டு கொண்டு வாருங்கள்' என்று போடுவேன். சனம் உண்மையிலேயே கொண்டு வரும். கடைக்கு, பிள்ளைக்கு, சங்கத்துக்கு, எதற்குப் பெயர் வேண்டுமென்றாலும் அந்தத் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. எதைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாலும் அதற்கு ஒரு சொல் என்னிடம் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் தியேட்டர் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம் அவருடையது. தாத்தா காலத்திலேயே இங்கே வந்தும் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. மேசையில் ஒரு பத்திரிகை விரித்திருந்தது. வெளிநாட்டில் ஏதோ பழைய ஆங்கிலப் படத்தை எடுத்து, காட்சிகளைக் கொம்பியூட்டரில் மாற்றி, புதுப்படம்போல ஓடவிட்டுக் காசு பார்த்திருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

"நம்மகிட்டயும் ஒண்ணு கிடக்கும்மா. இங்கயே எடுத்த படம். மெட்ராஸுக்கு அனுப்பி இதே மாதிரி பண்ணப் போறேன். ஆனா பேர்தான் இடிக்குது. பழைய படம்னு போட்டா எவன் வருவான்? புதுப்படம்னு போட்டா வந்தவன் உதைப்பான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேர் குடு."

எந்தப் படம் என்று கேட்டேன். அவர் சொன்ன படம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் படத்தை அதன் பெயரால் யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு அது 'தம்பியின்ர படம்'.

தம்பி என்று அம்மா சொல்வது என் அண்ணாவை. எழுபதுகளின் கடைசியில், கொழும்பில் இருந்த சிலர் கைக்காசையும் மனைவிமாரின் நகையையும் போட்டு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார்கள். முகத்துவாரத்தில், கடற்கரை இறங்குதுறையில் ஒரு காட்சி. கதாநாயகன் கப்பலேறிப் போகிறான், கதாநாயகி நின்று அழுகிறாள். கப்பலுக்குக் காசு எங்கே? ஒரு மீன்பிடி வள்ளத்தைக் காட்டிச் சமாளித்தார்கள். வழியனுப்ப வந்த சனமாக நிற்பதற்கு, வேடிக்கை பார்க்கப் போன பொடியன்களையே பிடித்து நிறுத்தினார்கள். அதில் அண்ணாவும் ஒருவர். கமராவைப் பார்க்கக் கூடாது என்று பத்துத் தரம் சொல்லியும், கதாநாயகி சேலைத் தலைப்பைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து அண்ணா திரும்பி நேரே கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். திரும்ப எடுக்கப் பிலிம் இல்லையாம். அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் தியேட்டரில் நின்றது ஒரு கிழமைதான். வள்ளத்தைக் கப்பல் என்று காட்டியதும் சனம் கூவென்று கூச்சல் போட்டது. எங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவேயில்லை. அந்தக் கிழமை முழுக்க அம்மா, அந்தச் சில நொடிச் சிரிப்புக்காக மற்றிணி ஷோவுக்குப் போனார். ஒரு நாள் ரிக்கற் கிழிக்கிறவரிடம், 'என்ர மகன் நடிச்ச படம்' என்று சொல்லியும் விட்டார். அண்ணா வெட்கத்தில் இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடியில், ஒரு திங்கட்கிழமை காலை, அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டையில் தான் வேலை செய்த கந்தோருக்குப் போனார். மத்தியானம் கலவரத்தில் எங்கள் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க, எரிந்தது. வீட்டோடு அலுமாரி, அலுமாரியோடு படங்கள் எல்லாம் போயின. நானும் அம்மாவும் பின்மதில் ஏறிப் பக்கத்துச் சிங்கள வீட்டில் ஒளிந்திருந்தோம். அண்ணா வரவில்லை. அகதி முகாமுக்கும் வரவில்லை, அகதிகளை ஏற்றி ஊருக்குப் போன கப்பலிலும் இல்லை, திரும்பிக் கொழும்புக்கு வந்து வாடகை பிளற் எடுத்த பிறகும் வரவில்லை. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். அதனால் தேடி அலைகிற வேலை முழுக்க அம்மாவின் தலையில் விழுந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்ட அந்த மாதத்தில்தான், காணாமற்போனவர்களைப் பற்றி விவரம் கொடுக்கச் சொல்லி ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். அம்மா விடியவே போய் வரிசையில் நின்றார். நானும் லீவு போட்டுப் போனேன். நிரப்பக் கொடுத்த போமின் வலது மேல் மூலையில், படம் ஒட்ட, ஒரு சதுரம். அதைப் பேனையால் தட்டிக்காட்டி அங்கிருந்த கிளாக்கர், "போட்டோ எகக் நெத்த, அம்மே?" என்றார், படம் ஒன்று இல்லையா என்று. கெட்ட மனிதர் இல்லை. அம்மாவுக்கு ஒரு கதிரையும் எடுத்துப் போட்டவர்.

"ஒக்கொம பிச்சுணா, மஹத்தயா," என்றார் அம்மா. எல்லாம் எரிந்துவிட்டது என்பதைச் சிங்களத்தில் தடங்கலில்லாமல் சொல்ல அம்மா பழகியிருந்தார்.

படம் இல்லாமல் பைல் முன்னால் போகாது என்று அவர் சொன்னார். படத்துக்கு எங்கே போவது? அடையாள அட்டை அண்ணாவின் சட்டைப் பைக்குள் போனது. அதற்கு விண்ணப்பித்த பழைய தாளைத் தேட முடியாது என்று அட்டை கொடுக்கிற கந்தோரில் முன்பே கையை விரித்துவிட்டார்கள். ஊரில் மாமா வீட்டுச் சுவரில் அண்ணாவும் நின்ற ஒரு கலியாணப் படம் தொங்கியது. அவர்கள் இடம்பெயர்ந்தபோது அது சுவரோடு நின்றுவிட்டது. அந்தப் போமை அம்மா மடித்து, அரிசித் தகரத்துக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் பையில் வைத்திருந்தார். அந்தச் சதுரத்துக்குள் அண்ணாவின் முகம் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளியிடம் இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. பெயர் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படத்தை ஒருதரம் பார்த்தால்தான் பெயர் வரும் என்றேன். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று.

"பாத்துக்கிட்டே குறையெல்லாம் எழுதிடும்மா. எந்த றீல், எந்த இடம், என்ன குறைன்னு. மெட்ராஸ்காரன் லிஸ்ட் கேக்கறான். உன்னைவிட யார் நல்லா எழுதுவா?"

அடுத்த நாள் காலை, கதவெல்லாம் பூட்டின தியேட்டரில் எனக்காக அந்தப் படம் ஓடியது. ஓட்டியவர் அந்தத் தியேட்டரின் ஒப்பரேட்டர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரர். வாயைத் திறந்தால் நக்கல்தான். எட்டாவது றீலில் இறங்குதுறை வந்தது. கதாநாயகி தலைப்பைத் தூக்கினாள். அண்ணா திரும்பினார். முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்து கிடந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் அதே சிரிப்பு.

நான் எழும்பி மேலே மிஷின் அறைக்கு ஓடினேன். திரும்பப் போடச் சொன்னேன். அவர் போட்டார். இன்னொரு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் மிஷினை நிற்பாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டடத்தில் நான் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அவர் அந்த இடத்தைக் கையால் சுற்றி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கிழிஞ்ச இடத்தில வெட்டி ஒட்டுறதுதானே என்ட வேலை. ரெண்டு பிரேம் குறைஞ்சா ஒருத்தனுக்கும் விளங்காது. இப்பவே வெட்டித் தாறன் தங்கச்சி. கொண்டுபோய் அம்மாட்டக் குடுங்க."

கத்திரிக்கோலைக் கையில் எடுத்தும் விட்டார். நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். ஒரு நகத்தளவு சதுரம், அதற்குள் கடுகளவு முகம், முகத்தின் மேல் கோடு. இதை ஸ்ரூடியோவில் பெரிதாக்கினால் வெறும் புகைதான் வரும் என்று பட்டது. மெட்ராஸுக்குப் போய்த் துடைத்துத் துலக்கி வந்தால் முகம் கண்ணாடியாக வருமே, அப்போது வெட்டிக்கொள்ளலாமே என்று நினைத்தேன்.

"வேண்டாம் அண்ணை. வெட்டிப் பழுதாக்க வேண்டாம். திருத்தி வரட்டும்."

"உங்கட இஷ்டம்," என்று கத்திரிக்கோலை மேசையில் வைத்தார். அந்தக் கத்திரிக்கோலின் ஒரு வளையத்தில் பச்சை நிற றேப் சுற்றியிருந்தது. இன்றைக்கும் அது எனக்குத் தெரிகிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு குறைப் பட்டியல். மூன்று நிரல்: றீல், இடம், குறை. கீறல், மங்கல், சத்தம் அறுந்தது என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்தேன். எட்டாவது றீலில் பேனை நின்றுவிட்டது. 'இவர் என் அண்ணா. எண்பத்து மூன்றிலிருந்து ஆளில்லை. வேறு படம் எங்களிடம் இல்லை. இந்த முகத்தைத் தயவுசெய்து காப்பாற்றித் தாருங்கள்.' இவ்வளவுதான் எழுதியிருக்க வேண்டும். இதை வாசிக்கிற எந்த மெட்ராஸ்காரனும் மனிதன்தானே.

நான் எழுதவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எதையும் தாளில் வைக்காத சனம். ஊரிலிருந்து வரும் கடிதத்தை வாசித்த கையோடு கிழித்து அடுப்பில் போடுவோம். ரெலிபோன் இலக்கங்களை மனப்பாடம் பண்ணுவோம். வழியில் எத்தனை இடத்தில் பை திறக்கப்படும், எயார்போட்டில் எவன் பிரித்து வாசிப்பான், காணாமற்போன ஒரு தமிழ்ப் பொடியனைப் பற்றித் தமிழில் எழுதிய தாள் யாரை எங்கே கொண்டுபோய் விடும், இதெல்லாம் எங்களுக்குக் கைகால் தெரிகிற மாதிரித் தெரியும். படப் பெட்டியைக் கொண்டுபோகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர், என்னால் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் ஆளைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னேன். என் கையெழுத்து நல்ல உருட்டான கையெழுத்து.

'எட்டாவது றீல். இறங்குதுறை. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் திரும்பிக் கமராவைப் பார்க்கிறார். முகத்தில் கோடு. கட்டாயம் கவனிக்கவும்.'

கட்டாயம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பெயரும் அந்தக் கிழமையிலேயே வந்தது. 'புத்தம் புதிய கொப்பி' என்று போடலாம். ஆனால் அறுந்து தொங்குகிற படத்துக்கெல்லாம் அதைப் போட்டுப் போட்டு யாரும் நம்புவதில்லை. 'புதுப்பித்தது' என்றால் லைசன்ஸ் ஞாபகம் வரும். 'திருத்திய பதிப்பு' பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு. 'மெருகூட்டியது' குத்துவிளக்குக்கு. நான் அண்ணாவை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், கோடில்லாத அந்த முகத்தை. 'புத்துயிர்ப் பதிப்பு' என்று மனதில் விழுந்தது. முதலாளியிடம் சொன்னதும் அவர் எழும்பி நின்றுவிட்டார்.

"உயிர்னு ஒரு சொல்லு வந்துடிச்சுல்ல! அவ்வளவுதாம்மா, படம் ஓடிடும்."

ஒப்பரேட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல பேர்தான். நான் எண்டா வெள்ளையடிப்பு எண்டு வைப்பன். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுதானே இது." எனக்குக் கோபம் வந்தது. மிஷின் ஓட்டுகிற ஆளுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சில மாதம் கழித்து என் பட்டியல் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் நேரே சிவப்பு மையில் ஒரு சரி. எட்டாவது றீலுக்கு நேரே மட்டும் சரிக்குப் பக்கத்தில் 'முடிந்தது' என்றும் எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புச் சரியைத் தடவிப் பார்த்தார். பிறகு அரிசித் தகரத்துக்கு மேலிருந்த போமை எடுத்து, அந்தச் சதுரத்தை விரலால் அளந்தார்.

"இவ்வளவுக்கு வெட்டிக் கேட்க வேணும், என்ன?"

"ஓம் அம்மா. ஸ்ரூடியோவில சொல்லி வைச்சிருக்கிறன்."

பெயர் வைத்ததற்குச் சன்மானமாக முதலாளி இரண்டு பல்கனிப் பாஸ் தந்தார். கொட்டாஞ்சேனைச் சுவரெல்லாம் என்னுடைய பெயர்தான் பெரிதாக நின்றது. படத்தின் பெயர் அதற்குக் கீழே. எண்பத்து மூன்றுக்குப் பிறகு அம்மா ஒரு தியேட்டரின் வாசலையும் மிதித்ததில்லை. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸை மறித்துச் சோதித்த ஆமிப்பொடியன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். "பில்ம் பலண்ட," என்றார் அம்மா. படம் பார்க்க என்று எழுபது வயது மனுசி இவ்வளவு சந்தோசமாகச் சொன்னதைக் கேட்டு அவனும் சிரித்துவிட்டான்.

மற்றிணி ஷோ. சனம் நிறைந்திருந்தது. இரண்டு பாட்டுக்கு நிறம் பூசியிருந்தார்கள், இடி முழக்கத்துக்குத் தியேட்டர் அதிர்ந்தது, சனம் விசில் அடித்தது. அம்மா எதையும் கவனிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே, "இப்ப வரும்," என்று என் கையைப் பிடித்தார்.

இறங்குதுறை வந்தது. கதாநாயகி சேலைத் தலைப்பைத் தூக்கினாள். பெரிய சங்கூதல். வள்ளம் நின்ற இடத்தில் மூன்று தட்டுக் கப்பல் ஒன்று, தட்டெல்லாம் விளக்கு, மெல்ல விலகிப் போனது. தண்ணீர் மின்னியது. இறங்குதுறை புதுக் கல் பாவித் துப்புரவாக, நீளமாகக் கிடந்தது. அதில் கதாநாயகியைத் தவிர ஒரு குருவியும் இல்லை. வழியனுப்ப வந்த சனம் முழுக்கத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. தியேட்டர் கைதட்டியது. காட்சி வடிவாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. 

"அந்தா, ஓரத்தில நிக்கிறார் அம்மா. பாருங்கோ," என்றேன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். "எனக்குப் பொய் சொல்லாத பிள்ளை. நான் எத்தினை தரம் பாத்தனான். அவன் அதில இல்லை."

படம் முடியும்வரை அப்படியே இருந்தார்.  தெகிவளைப் பக்கம் போகிற பஸ் எங்கள் தரிப்பில் நின்றதும், இறங்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஆர் பிள்ளை அவனை எடுத்தது?" தெரியாது என்றேன். அப்போது உண்மையாகவே எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை முதலாளியிடம் போனேன். அவர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். நான் வாயைத் திறக்க முன்னரே அவரே தொடங்கினார்.

"அந்த ஹார்பர் சீன் பாத்தியா? எல்லாம் உன் லிஸ்ட்டாலதாம்மா. ஒருத்தன் கமராவை முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னான்ல, நீ தானே கண்டுபிடிச்சு எழுதின? கோடு வேற போட்டிருந்த. அவனை மட்டும் தனியா எடுக்க முடியாதுன்னு மொத்தக் கும்பலையும் எடுத்துட்டாங்க. இந்தப் பொண்ணுக்கு நல்ல கண்ணுன்னு மெட்ராஸ்காரனே சொன்னான்."

 குறை என்று தலைப்புப் போட்ட நிரலில் அண்ணாவை எழுதியது நான். வேறு எவனும் இல்லை. குறையை நீக்குவது அவர்கள் தொழில். கட்டாயம் என்று கோடு போட்டுக் கேட்டேன், கட்டாயமாகச் செய்து தந்துவிட்டார்கள்.

பழைய கொப்பி எங்கே என்று கேட்டேன். என் குரல் எப்படியிருந்ததோ, அவர் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார்.

"அது எதுக்கு? அங்கயே துண்டு துண்டா வெட்டி எறிஞ்சிடச் சொல்லிட்டேன். புதுசு வந்தா பழசை வெட்டிடணும்மா. இல்லேன்னா எவனாவது எடுத்து எங்கயாவது ஓட்டிருவான். தொழில் வழக்கம் அதான்."

நான் மேலே மிஷின் அறைக்குப் போனேன். ஒப்பரேட்டர் றீல் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவரும் முதல் நாள் ஷோ ஓட்டியவர்தானே. நக்கல் ஒன்றும் இல்லாமல், என்னைப் பார்க்காமலே சொன்னார். "அண்டைக்கே கேட்டன், தங்கச்சி. நீங்கதான் வேணாம் எண்டீங்க."  நான் படியிறங்கி வந்தேன்.

படம் ஓடியது. அதைப் பார்த்து மற்ற முதலாளிமாரும் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். பத்திரிகையில் புத்துயிர்ப் பதிப்பு, ரேடியோவில் புத்துயிர்ப் பதிப்பு. காலி வீதி மதிலில் அந்தச் சுவரொட்டியைக் கண்டால் நான் மற்றப் பக்கத்துக்கு ரோட்டைக் கடப்பேன். ஒப்பரேட்டர் வைத்த பெயர்தான் சரி. எங்கள் ஒழுங்கையில் எரிந்த வீடுகளுக்கும் அதைத்தான் செய்தார்கள். கரியைச் சுரண்டி, வெள்ளையடித்து, வாடகைக்கு விட்டார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு வீடு நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்? என்மேல்தான் கோபம். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டு வந்தவள் நான்.

விவரம் ஏற்கும் தவணை முடிகிற கிழமையில் அம்மா மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அதே கிளாக்கர். வெறும் சதுரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், படம் இல்லாவிட்டால் ஆளின் முகத்தையும் உருவத்தையும் விவரமாக எழுதி ஒரு தாளில் இணைக்கலாம், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, அவர்கள் மொழிபெயர்ப்பார்கள் என்று. அம்மாவின் முகம் ஒரேயடியாக மலர்ந்தது. அவரைக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட விடவில்லை. மேசையைத் துடைத்து, கோடு போட்ட தாள் ஒன்றை வைத்து, என்னை இருத்தினார்.

"எழுது பிள்ளை. ஊரில உள்ளதுக்கெல்லாம் சொல் வைச்சிருக்கிறனிதானே. அவன்ர முகத்தை எழுது. பாக்கிறவனுக்கு அவன் கண்ணுக்கு முன்னால வந்து நிக்க வேணும்."

எழுதத் தொடங்கினேன். உயரத்தை நினைத்தேன்; கதவு நிலையில் தலை முட்டுமா, முட்டாதா? நிறத்தை நினைத்தேன். மூக்கு எப்படி? சிரிக்கும்போது கண் சுருங்குமா? கண்ணை மூடி இறங்குதுறையைக் கொண்டுவந்தேன். கதாநாயகி தலைப்பைத் தூக்கினாள். சங்கு ஊதியது. கப்பல் வந்தது. கண்ணைத் திறந்து மறுபடி மூடினேன். மறுபடியும் கப்பல்தான், தட்டெல்லாம் விளக்கோடு. அதற்குப் பின்னால் இருந்த முகத்தை எட்டிப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். கல் பாவின அந்த நிலம்தான் தெரிந்தது.

அம்மா எதிரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. கடற்கரைப் பக்கம் றெயின் போய், திரும்பியும் வந்துவிட்டது.

"எழுதின வரைக்கும் வாசி பாப்பம்," என்றார்.

தாளைப் பார்த்தேன். இரண்டு சொல்தான் இருந்தது. வாசித்தேன்.

"வெள்ளைச் சட்டை."